‘சொனட்டீன்’ பார்க்க உட்காரும் முன்

யாரோ ஒருவர் “செம காமெடி, செம ரத்தம், ஆனா சத்தமே இருக்காது” என்று சொல்லித்தான் இந்தப் படம் பெரும்பாலும் ஒருவர் கைக்கு வந்து சேரும். இருபது நிமிடம் ஓடியதும் “என்னய்யா இது, எல்லாரும் சும்மா நிக்கிறானுங்க” என்று நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தியவர்களுக்கும் இன்னும் தொடங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள். முடிவைச் சொல்லப்போவதில்லை. நடுவில் வரும் சில காட்சிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் இரண்டாவது குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் படத்துக்குப் போய்விடலாம்.

1993இல் வந்த ஜப்பானியப் படம். டகேஷி கிட்டானோ எழுதி, இயக்கி, எடிட் செய்து, நடித்தது. 94 நிமிடம். டோக்கியோவில் ஒரு யாகூசா (ஜப்பானிய தாதா) கும்பலின் நடுத்தரத் தலைவன் முரகாவா. தொழில் அலுத்துப்போன ஆள். ஒகினாவாவில் இரண்டு கும்பல்களுக்குள் தகராறு, போய்ப் பஞ்சாயத்துப் பண்ணிவிட்டு வா என்று பெரியவர் அனுப்புகிறார். போன இடத்தில் குண்டு வெடிக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் கடற்கரையோரம் ஒரு வீட்டில் பதுங்குகிறார்கள். பதுங்கிய இடத்தில் என்ன செய்கிறார்கள்? விளையாடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

1. ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொண்ணூறுகளில் பிறந்தவர்கள் போகோ சேனலில் ‘டகேஷிஸ் காசில்’ பார்த்திருப்பீர்கள். கோட்டைக்குள் நுழைய வருபவர்கள் எல்லாரும் சேற்றில் விழுவார்கள், ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். கோட்டைக்குள் அரசனாக உட்கார்ந்திருந்த அந்த டகேஷிதான் இவர். எழுபதுகளில் டோக்கியோவின் அசகுசா பகுதி மேடைகளில் ‘டூ பீட்’ என்ற இரட்டையர் நகைச்சுவைக் குழுவாகத் தொடங்கி, பிறகு டிவியில் பெரிய நட்சத்திரமானவர். நடிக்கும்போது இன்றுவரை ‘பீட் டகேஷி’ என்றுதான் பெயர் போட்டுக்கொள்கிறார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், படத்தின் நகைச்சுவை முழுக்க அந்த மேடையிலிருந்து வருகிறது. மன்ஸாய் என்னும் அந்த மேடை வடிவத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் அபத்தமாக ஏதாவது சொல்வார். அடுத்தவர் உடனே “என்ன உளர்றே” என்று மண்டையில் தட்டுவார். பேச்சு மின்னல் வேகத்தில் போகும். ‘சொனட்டீன்’ அந்த வேகத்தை முழுக்க உருவி எடுத்துவிட்டது. அதோடு தட்டுகிற ஆளையும் எடுத்துவிட்டது. செந்தில் மட்டும் இருக்கிறார், கவுண்டமணி வரவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அபத்தமான ஒன்று நடக்கும், “ஏன்டா இப்படி?” என்று கேட்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். கேட்க வேண்டியவர் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான். அந்த நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டால் படம் திறந்துகொள்ளும்.

இன்னொன்று. கிட்டானோவின் அசையாத முகம் விபத்தால் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஸ்கூட்டர் விபத்து நடந்தது 1994 ஆகஸ்ட்டில். இந்தப் படம் அதற்கு முந்தையது. இங்கே நீங்கள் பார்க்கும் கல் முகம் முழுக்க அவரே வைத்துக்கொண்டது.

2. எப்படிப் பார்ப்பது

ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். டப்பிங் கிடைத்தாலும் தொடாதீர்கள். வசனமே குறைவு என்பதால் சப்டைட்டில் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக்கூட இது சுலபமான படம்.

இரவில், விளக்கை அணைத்துவிட்டு. கடைசிப் பகுதியில் முக்கியமான ஒரு காட்சி கிட்டத்தட்ட முழு இருட்டில் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில் போன் திரையில் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். ஹெட்போன் இருந்தால் நல்லது, ஏனென்றால் அலைச் சத்தம், மணலில் கால் புதையும் சத்தம், பிறகு ஒன்றுமே இல்லாத சத்தம் எல்லாவற்றுக்கும் இதில் வேலை இருக்கிறது.

வேகத்தைக் கூட்டாதீர்கள். ஓடிடி பழக்கத்தில் ஒன்றேகால், ஒன்றரை என்று வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற படங்களில் அதனால் போவது கொஞ்சம்தான். இதில் நகைச்சுவையே அந்த மூன்று விநாடித் தாமதத்தில் இருக்கிறது. பத்து விநாடி தள்ளிவிடும் பொத்தானுக்கும் இதே விதி.

முன்னெச்சரிக்கையாக ஒரு விஷயம்: ஒரு பெண்மீதான பாலியல் வன்முறை வருகிறது, தற்கொலை பற்றிய காட்சிகள் வருகின்றன. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம் கிடையாது. யாராவது கூடப் பார்ப்பதாக இருந்தால், “இப்ப என்ன ஆச்சு?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்காத ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கும்பல் கணக்கு, ஒரே ஒருமுறை

முதல் கால்மணி நேரத்தில் பெயர்கள் வந்து விழும். பயப்பட வேண்டாம். டோக்கியோவில் பெரியவர் கிதாஜிமா. அவருடைய வலது கை டகஹாஷி. அவர்களுக்குக் கீழே தனியாக ஒரு சின்னக் கும்பலை நடத்துபவன் முரகாவா. அவன் ஏரியாவில் வருமானம் நன்றாக ஓடுகிறது, அதன்மேல் மற்றவர்களுக்குக் கண். ஒகினாவாவில் நகமாட்சு கும்பல் இவர்களுக்கு வேண்டப்பட்டது, அனான் கும்பல் எதிரணி. முரகாவாவின் ஆட்களில் கதகிரி, கென் இருவர் முகத்தையும், ஒகினாவாவில் வந்து சேரும் உவேச்சி, ரியோஜி இருவர் முகத்தையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பேர் எந்தப் பக்கம் என்று குழம்பினாலும் நஷ்டமில்லை. இயக்குநருக்கே அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஜப்பானியப் பார்வையாளர்களுக்குத் தெரிந்த பின்னணி ஒன்று உண்டு. அறுபதுகளின் யாகூசா படங்களில் கிமோனோவும் வாளும் விசுவாசமும் இருந்தன. 1973இல் இயக்குநர் கின்ஜி ஃபுகசாகு வந்து அந்த விசுவாசம் எல்லாம் பொய் என்று காமிராவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். 1992இல் வன்முறைக் கும்பல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் வந்த முரகாவாவிடம் கிமோனோவும் இல்லை, ஓட்டமும் இல்லை. பத்து வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்த கிளார்க் மாதிரி இருக்கிறான். தொழிலை விட்டுவிடலாமா என்று ஆரம்பத்திலேயே அவன் சொல்ல, உங்களுக்குப் பணம் அதிகமாகிவிட்டதோ என்ற ரீதியில் கதகிரி பதில் சொல்கிறான். கவனிக்காவிட்டால் தவறிப்போகும் முதல் ஜோக் அது.

4. கிரேன் காட்சியில் உங்களைச் சோதித்துப் பாருங்கள்

படம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதும். மாஜாங் என்ற கட்டை விளையாட்டுக்கான விடுதி நடத்தும் ஒருவர் மாமூல் தரமாட்டேன் என்கிறார். இரவில் அவரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கட்டி, கிரேனில் தொங்கவிட்டுக் கடலுக்குள் இறக்குகிறார்கள். மிரட்டல்தான் நோக்கம். மனுஷன் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று கணக்குப் போடுகிறார்கள். இறக்கி, ஏற்றி, கொஞ்சம் கூடுதலாக இன்னொரு தடவை. கீழே ஆள் முங்கிக் கிடக்கும்போது முரகாவாவும் கதகிரியும் வேறு பேச்சில் இறங்கிவிடுகிறார்கள். பேச்சு முடிந்து ஏற்றிப் பார்த்தால் ஆளிடம் அசைவே இல்லை. செத்துட்டான் போல. சரி, விடு. கிளம்புகிறார்கள்.

இதில் பார்க்க வேண்டியது மூன்று. காமிரா தூரத்தில் நிற்கிறது, நகர்வதில்லை. சாகிறவர் முகத்துக்கு அருகே போவதில்லை. இசை வந்து “இப்போது பயப்படு” என்று சொல்வதில்லை. அந்த இரண்டு பேரும் வில்லன் சிரிப்புச் சிரிப்பதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தவர்கள் காட்டும் பதற்றம்கூட அவர்களிடம் இல்லை. உங்களுக்குள் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் “சே, ஒருத்தன் செத்திருக்கான்” என்று நின்றால், நீங்கள் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிப்பே வரவில்லை, அருவருப்புதான் வந்தது என்றாலும் தவறில்லை, தொடருங்கள். இதெல்லாம் ஒரு கொலையா, ரத்தம்கூட இல்லையே என்று தோன்றினால் இந்தப் படம் உங்களுக்கு வேண்டாம், நேரம் மிச்சம்.

இதே மாதிரி சின்னதாக ஒன்று பின்னால் வரும். டோக்கியோ அலுவலகத்தில் இரண்டு எடுபிடிகளுக்குள் வாய்த்தகராறு. ஒருவன் மற்றவன் வயிற்றில் கத்தியைச் செருகிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் குத்தியவனும் குத்துப்பட்டவனும் ஒகினாவாவில் ஒரே பஸ்ஸில், சுற்றுலா வந்த பிள்ளைகள் கணக்காக.

5. சுடும்போது முகத்தைப் பாருங்கள்

ஒகினாவா பாரில் துப்பாக்கிச் சண்டை ஒன்று. மேஜையைக் கவிழ்த்து ஒளிவது, உருள்வது, பாய்வது எதுவும் கிடையாது. எதிரெதிரே நின்றபடி சுடுகிறார்கள். குண்டு பட்டவன் விழுகிறான், படாதவன் அப்படியே நிற்கிறான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சில விநாடிகளில் முடிந்துவிடும். துப்பாக்கியைப் பின்தொடரப் போனால் ஒன்றும் கிடைக்காது. முகங்களைப் பாருங்கள்: தப்பிக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை என்பது தெரியும்.

கிட்டானோ எடிட்டிங்கில் அடிக்கடி செய்யும் ஒன்றையும் இங்கிருந்தே கவனிக்கத் தொடங்குங்கள். அடி விழுவதற்கு முன்னால் ஒரு ஷாட், விழுந்து முடிந்தபின் ஒரு ஷாட். நடுவில் இருப்பதைப் பல நேரம் வெட்டி எறிந்துவிடுவார். ஜப்பானியப் பத்திரிகைகளில் நாலு கட்டத்தில் முடியும் சித்திர நகைச்சுவை உண்டல்லவா, அதன் மூன்றாவது கட்டத்தைக் கிழித்துவிட்ட மாதிரி. சிரிப்பும் அந்த இடைவெளியிலிருந்து வருகிறது, திகிலும் அங்கிருந்தே வருகிறது.

6. கடற்கரை: அவசரப்படாதீர்கள்

அரைமணி நேரத்துக்குப் பிறகு கதை நின்றுபோகும். உண்மையிலேயே நின்றுபோகும். புதிதாகப் பார்ப்பவர்கள் நிறுத்துவதும் இங்கேதான், திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் திரும்பி வருவதும் இந்த இடத்துக்குத்தான். கறுப்பு சூட் கழன்று பூப்போட்ட சட்டை வருகிறது. மேலே இருந்து உத்தரவு வரும்வரை இவர்களுக்கு வேலை இல்லை. பொழுது போகவேண்டும்.

முதலில் காகித சுமோ. ஒரு பெட்டிமேல் காகிதத்தில் வெட்டிய இரண்டு மல்லர்களை நிற்கவைத்து, விளிம்பில் விரலால் தட்டுகிறார்கள். அதிர்வில் பொம்மைகள் நகர்ந்து முட்டுகின்றன. ஒன்று சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. சின்ன வயதில் ஜப்பானியக் குழந்தைகள் விளையாடுவது. அடுத்தது, கடற்கரையில் பெரிய வட்டம் போட்டு, பொம்மைகளுக்குப் பதில் ஆட்களே இறங்குகிறார்கள். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, காகித பொம்மை நகர்கிற அதே வெட்டுவெட்டான அசைவில் மோதுகிறார்கள். சுற்றி இருப்பவர்கள் மணலைத் தட்டுகிறார்கள். காட்சியே ஃபிரேம் குறைத்து எடுத்த பழைய மௌனப்படம்போலத் துள்ளுகிறது. கொலைகாரர்கள், நடுவெயிலில், பொம்மையாக. இந்த இடத்தில் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரட்டும்: இவர்களை இங்கே நிறுத்தி, எங்கிருந்தோ விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பது யார்?

இரவில் வாண விளையாட்டு. இரண்டு அணியாகப் பிரிந்து, கையில் பிடித்த வாணங்களை ஒருவர்மேல் ஒருவர் விடுகிறார்கள். இருட்டில் கோடு கோடாக வெளிச்சம், கத்தல், சிரிப்பு. முரகாவாவுக்கு மட்டும் வாணம் போதவில்லை. நிஜத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். மணலில் குழி வெட்டி மேலே மூடிவைத்து ஆட்களை விழவைக்கிற விளையாட்டும் உண்டு, அதிலும் முன்னால் நிற்பவன் அவன்தான். ஒவ்வொரு விளையாட்டுக்குப் பின்னாலும் இவர்கள் தொழிலில் என்ன இருக்கிறது என்று நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் தடவையிலேயே அந்த வேலையில் இறங்க வேண்டாம். முதல் தடவை சும்மா விளையாடுவதைப் பாருங்கள், அந்த வீட்டில் ஒரு ஆளாக.

கென், ரியோஜி இருவரோடும் முரகாவா ஆடும் ஆட்டம் மட்டும் வேறு ரகம். கல்-கத்தரி-காகிதம் போட்டு, தோற்றவன் தலையில் துப்பாக்கி. உருளையில் ஒரு குண்டு இருப்பதாகக் கணக்கு. இளசுகள் இருவரும் வெலவெலத்துப் போகிறார்கள். கடைசியில் துப்பாக்கி முரகாவாவின் நெற்றிப்பொட்டுக்கே வருகிறது, அவன் சிரிக்கிறான். படம் முழுக்க வராத சிரிப்பு, பல் தெரிய. உலகம் முழுக்க இந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு சட்டகத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் என்ன ஆகிறது என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அந்தச் சிரிப்பு எந்த விநாடியில் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

மியுகி என்ற பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவில் கடற்கரையில் அவளை ஒருவன் பலாத்காரம் செய்கிறான், முரகாவா கண்ணில் பட, அவன் சாகிறான். அதன்பிறகு அவளும் இந்தக் கூட்டத்தோடு சுற்றுகிறாள். படத்தின் பலவீனமான எழுத்து இங்கேதான் என்பது என் கருத்து. நடந்த கொடுமையின் சுவடே அவளிடம் இல்லை. முரகாவாவைப் பேசவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு முக்கியமானது. பயமில்லாமல் சுடுகிறாயே என்பதுபோல் அவள் வியக்க, தனக்குப் பயம் இருப்பதாகவும், சாவை நினைத்து ரொம்பப் பயந்தால் செத்தே போனால் தேவலை என்று ஆகிவிடும் என்றும் அவன் சொல்கிறான். படத்தில் அவன் தன்னைப் பற்றி வாய் திறப்பது அனேகமாக அங்கு மட்டும்தான்.

பிறகு, ஃப்ரிஸ்பீ பறக்கத் தொடங்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். காரணம் கேட்காதீர்கள்.

7. இசையும் கடைசிப் பகுதியும்

இசை ஜோ ஹிசைஷி. மியசாகியின் அனிமேஷன் படங்கள் வழியாக உங்களுக்குத் தெரிந்தவர்தான். இந்தப் படத்துக்கு ஜப்பான் அகாடமியின் இசை விருது கிடைத்தது. ஒரே பியானோ வட்டம் திரும்பத் திரும்ப வரும். அது எங்கே வருகிறது என்று கேளுங்கள்: பெரும்பாலும் ஒன்றும் நடக்காத இடங்களில், கடலைப் பார்த்து நிற்கும்போது, காரில் போகும்போது. ஆள் சாகிற நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

கடைசி இருபது நிமிடத்தில் ஒரு லிஃப்ட் வரும், ஒரு ஹோட்டல் வரும். லிஃப்டுக்குள் எல்லாரும் சும்மா நிற்கும் அந்தச் சில விநாடிகள், முதல் பத்தியில் சொன்ன புகாருக்கே பதில் சொல்லும். ஹோட்டலில் நீங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பெரிய சண்டையை இயக்குநர் உங்களுக்குக் காட்டமாட்டார். ஏமாற்றிவிட்டார் என்று தோன்றினால் அந்த ஷாட்டில் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். முடிந்ததும் பெயர்கள் ஓடி முடியும்வரை அணைக்காதீர்கள்.

8. இரண்டாவது தடவை

சில நாள் விட்டுப் பாருங்கள். இந்தத் தடவை கதகிரியைப் பின்தொடருங்கள். நடித்தவர் ரென் ஒசுகி. 2018இல் காலமாகும்வரை கிட்டானோ படங்களின் தூண்களில் ஒருவர். முதலாளிக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் ஆள், கடற்கரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாவதை முதல் தடவை யாரும் கவனிப்பதில்லை. தொடக்கத்தில் ஈட்டியில் குத்தித் தூக்கிய அந்த நீல மீனையும் இப்போது நிதானமாகப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கட்சுமி யானகிஷிமா பிடித்த நீலங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் முடியாது.

ஜப்பானில் இந்தப் படம் ஓடவில்லை. டிவியில் பார்த்துச் சிரித்த ஆள் திரையில் செத்துப்போன முகத்தோடு நின்றால் யார் டிக்கெட் எடுப்பார்கள்? அதே 1993இல் கான் விழாவில் காட்டினார்கள், வெளிநாட்டில் மெல்லப் பேச்சு பரவியது. அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போகவே 1998 ஆகிவிட்டது, அதுவும் அமெரிக்க இயக்குநர் டாரன்டினோவின் சிறு விநியோக நிறுவனம் வழியாக.

பிடித்துப்போனால் அடுத்து ‘ஹனா-பி’ எடுங்கள். 1997இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கம் வாங்கியது. இதே ஆள், இதே மௌனம், கொஞ்சம் கூடுதல் ஈரம். ரத்தம் வேண்டாம், விளையாட்டு மட்டும் போதும் என்றால் 1999இல் வந்த ‘கிகுஜிரோ’. மிஷ்கினின் ‘நந்தலாலா’ பார்த்தவர்களுக்கு அந்தப் பயணம் ஏற்கெனவே பழக்கம். கிட்டானோவின் யாகூசாக்கள் வாயைத் திறந்து ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வதைப் பார்க்க ஆசை என்றால் 2010இல் தொடங்கிய ‘அவுட்ரேஜ்’ வரிசை இருக்கிறது. அவருடைய கோமாளித்தனமான நகைச்சுவைப் படம் ‘கெட்டிங் எனி?’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ‘சொனட்டீன்’ முடித்த கையோடு அதைப் போட்டவர்கள், இரண்டையும் ஒரே ஆள் எடுத்தாரா என்று கேட்டுவிட்டு கிட்டானோ பக்கமே திரும்பாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு படம் பார்த்த பிறகு எடுங்கள், சிரிப்பு வரும்.